முறை மாற்றிக் கூப்பிட்டவர்

வாயின் ஓரத்தில் ஐந்தாறு குட்டை ஆணிகளை அடக்கிக்கொண்டு சோபாக்காரர் ஒரு முழுக் கதையையும் சொல்லி முடிப்பார். ஓர் ஆணிகூடக் கீழே விழாது. தேவைப்படும்போது நாக்கு நுனியால் ஒன்றை உதட்டுக்குத் தள்ளுவார். காந்தம் வைத்த சுத்தியல் அதை வாங்கிக்கொண்டு போய்ச் சோபாவின் மரச்சட்டத்தில் அடிக்கும். பேச்சும் வேலையும் ஒன்றையொன்று தடுக்காமல் இப்படி நடப்பதைப் பார்ப்பதற்காகவே சிலர் கடை வாசலில் நிற்பதுண்டு.

கடை என்பது வீட்டின் முன்னறைதான். தெருவைப் பார்த்த இரட்டைக் கதவைத் திறந்துவிட்டால் கடை, சாத்திவிட்டால் கூடம். ஒரு பக்கச் சுவரில் ரெக்சின் சுருள்களும் வெல்வெட் சுருள்களும் சாய்ந்து நிற்கும். மறுபக்கத்தில் மனைவியின் தையல் மெஷின். பழைய உறையைப் பிரிப்பதும், தளர்ந்த நாடாவை இழுத்துக் கட்டுவதும், ஸ்பிரிங் மாற்றுவதும், ஃபோம் வெட்டுவதும் அவர் வேலை. புது உறை தைப்பது மனைவியின் வேலை. மனைவியின் தம்பி ஒரு சின்ன லோடு வண்டி வைத்திருந்தார். சோபாக்களை வீடுகளிலிருந்து எடுத்துவருவதும் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவர் பொறுப்பு. ஒரே மகள் கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள்.

தொழிலில் சோபாக்காரருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. வாடிக்கையாளரின் துணி அறையில் விரிந்திருக்கும்போது தண்ணீர்ச் செம்புகூட அந்தப் பக்கம் வரக்கூடாது. மகள் சின்ன வயதில் ஒருமுறை கையில் மாம்பழத்தோடு உள்ளே வந்தபோது, அவளைத் தூக்கிக்கொண்டுபோய்த் தெருவில் நிறுத்திவிட்டுத்தான் என்ன வேண்டும் என்று கேட்டாராம்.

மற்றபடி கண்டிப்பு என்ற சொல்லுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. வீட்டில் அவர் உண்டாக்கி வைத்திருந்த விளையாட்டு ஒன்று இருந்தது. யாரையாவது திடீரென்று முறை மாற்றிக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் அந்த முறைக்கு ஏற்றபடி முகம் மாறாமல் பதில் சொல்ல வேண்டும். யார் முதலில் சிரிக்கிறாரோ அவர் எல்லோருக்கும் டீ போட வேண்டும். மகள் வேலை முடிந்து உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்பார்.

“வாங்க அத்தை. பயணமெல்லாம் சௌகரியமா?”

“எங்க மாப்பிள்ளை சௌகரியம்? பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேன். என் பொண்ணை ஒழுங்கா வச்சிருக்கீங்களா?”

மனைவி அவருக்குச் சித்தப்பா. “சித்தப்பா, மீசையை எப்ப எடுத்தீங்க?” என்பார். அவளும் மெஷினை மிதித்தபடி மேலுதட்டைத் தடவிக்கொண்டு, நரைத்துவிட்டது, அதனால்தான், என்பாள். கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்புக்காரரான மைத்துனர் அவருக்கு மருமகள். “மருமகளே, சமையல் ஆச்சா?” என்று கேட்டால் அந்த மனிதர் தலையைக் குனிந்து, உப்புதான் கொஞ்சம் தூக்கல் மாமா, என்று இழுப்பார். அநேகமாக டீ போடுவது மைத்துனராகத்தான் இருக்கும். சோபாக்காரர் தோற்றதாக யாருக்கும் நினைவில்லை. இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு பிற்பகலில் அவர் உயிர் இந்த விளையாட்டுக்குள்தான் மாட்டிக்கொண்டது.

காயம் சிறியது. ஓர் அலுவலகத்தின் வரவேற்பறைச் சோபாவைப் பிரித்துக்கொண்டிருந்தார். துணியைப் பிடித்திருந்த துருப்பிடித்த பின்களைக் குறட்டால் நெம்பும்போது ஒன்று பாதி உடைந்து, இடது கைப் பெருவிரலின் அடியில் ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டு, சட்டத்தில் ஒட்டும் நாடாவில் ஒரு துண்டு கிழித்துச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். இத்தனை வருடத் தொழிலில் அந்தக் கைகள் குத்துப்படாத நாள் குறைவு. ஆனாலும் இரும்பு குத்தினால் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதில் மனைவி விடாப்பிடியாக இருப்பாள். மறுநாள் தெருமுனை மருத்துவமனைக்குப் போய் டி.டி. ஊசி போட்டுக்கொண்டு வந்தார். அதோடு காயத்தின் கணக்கு முடிந்துவிட்டதாக வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். அந்த ஊசி தடுப்பது ஒரே ஒரு நோயைத்தான் என்றும், அதே துளை வழியாக வேறு கிருமிகள் போக எந்தத் தடையும் இல்லை என்றும் அங்கே யாருக்கும் தெரியாது. கை வீங்கியபோது மைத்துனர் கேட்டார். ஊசி போட்டாச்சு என்று பதில் வந்தது. சிவப்பு மணிக்கட்டைத் தாண்டியபோது மகள் கேட்டாள், அதே பதில். வலி பல்லைக் கடிக்க வைத்தபோது மனைவி டாக்டரிடம் மறுபடி போகலாம் என்றாள். ஊசி வேலை செய்கிறது, அதனால்தான் வலிக்கிறது என்று அவளுக்கே விளக்கம் சொன்னார்.

அடுத்த நாள் மகளுக்கு விடுமுறை. காலையில் அவர் எழுந்து வந்து, பச்சை வெல்வெட் சுருளை இழுத்து உடம்பைச் சுற்றிக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தார். பற்கள் ஒன்றோடொன்று மோதும் அளவுக்கு உதறல். என்ன இது என்று மனைவி கேட்டதற்கு, “புது சோபா வந்திருக்கு. உட்கார்ந்து பாருங்க” என்றார். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். யார் டீ போடுவது என்பதில் அன்று சண்டை வந்தது.

மனைவி நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை, சில்லென்றுதான் இருந்தது. இரவு அடித்த காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதியாக மெஷினுக்குப் போனாள். உடம்பு கொதிப்பது மட்டுமல்ல, இப்படிக் குளிர்ந்து போவதும் ஆபத்தின் அடையாளமாக இருக்கலாம் என்பதைப் பிறகுதான் அவளுக்குச் சொன்னார்கள். அன்று அவர் சிறுநீர் கழிக்கப் போனாரா என்று மருத்துவமனையில் கேட்டபோது மூவரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். காலையில் போனார் என்றாள் மகள். முந்தைய இரவு என்றாள் மனைவி. மைத்துனர், தான் பார்த்தவரைக்கும் போகவே இல்லை என்றார். ஒரே வீட்டில் ஒருவரையொருவர் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் கவனிக்கும் செய்தியல்ல அது.

மதியத்துக்குள் ஒரு சோபா முடிந்திருந்தது. சந்தன நிறத் துணி; கறை பட்டால் காட்டிக்கொடுக்கிற துணி. அன்றே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது. மைத்துனர் வண்டியைக் கழுவி எடுத்துவரப் போயிருந்தார். சோபாக்காரர் அந்தச் சோபாவிலேயே சாய்ந்திருந்தார். வாடிக்கையாளரின் சோபாவில் அவர் சாய்வது வழக்கமில்லை. அசதி என்று விட்டுவிட்டார்கள். ஓடிவந்தவர்போல அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதையும் அசதியில் சேர்த்துக்கொண்டார்கள்.

அவர் மனைவியைப் பார்த்தார். “அம்மா வந்துட்டாங்களா?” என்று கேட்டார்.

அவருடைய அம்மா இறந்து வெகுகாலம் ஆகிறது. மனைவிக்கு ஒரு கணம் தடுமாறியது. உடனே, இது புது ஆட்டம் என்று பிடித்துக்கொண்டாள். தையலிலிருந்து தலை நிமிராமல், “வந்துக்கிட்டே இருக்காங்க தம்பி” என்றாள்.

“கதவைத் தெறந்து வையி. அவங்ககிட்ட சாவி இல்ல.”

சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்த மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “சாவி எதுக்கு மாப்பிள்ளை, அதான் நான் வந்துட்டேனே” என்றாள்.

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். மரியாதையாக, முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்பதுபோல, “நீங்க யாரு?” என்றார்.

இவ்வளவு நன்றாக அவர் ஒருநாளும் நடித்ததில்லை. குரல் குழறியது, சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்தன; குடிகாரரைப்போலப் பேசிக் காட்டுகிறார் என்றுகூடத் தோன்றியது. மகள் தாக்குப்பிடிக்க முடியாமல் சிரித்துவிட்டாள். தோத்துட்டே, போய் டீ போடு, என்றாள் அம்மா. மகள் உள்ளே போனாள். பால் தீர்ந்திருந்ததால் பக்கத்துக் கடைக்குப் போய் வாங்கி வந்தாள். கடைக்காரப் பெண்ணிடம் அப்பா இன்றைக்கு எப்படி ஏமாற்றினார் என்று சொல்லிச் சிரித்துவிட்டும் வந்தாள். பிறகு நிதானமாகக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஆற்றிக் கொண்டுவந்தாள். அவ்வளவு நேரமும் சோபாக்காரர் சுவரைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சிரிப்பதற்காக மனைவி காத்திருந்தாள்.

டம்ளரை மகள் அவர் கையில் கொடுத்தாள். கை பிடிக்கவில்லை. டீ முழுவதும் சந்தன நிறத் துணியில் கொட்டி, இருக்கையின் குழிக்குள் ஓடி, ஓரத் தையலில் தேங்கியது. மகள் பதறித் துணி எடுக்க ஓடினாள். அவர் குனிந்து பார்க்கவே இல்லை.

அப்போதுதான் மனைவிக்கு மெஷினின் மேல் கால் நின்றது. வாடிக்கையாளரின் துணியில் டீ ஓடிக்கொண்டிருக்கிறது, இவர் பார்க்கவில்லை. எதை வேண்டுமானாலும் அவர் நடிப்பார். இதை நடிக்க மாட்டார். கிட்டே போய் வேட்டியை விலக்கிப் பார்த்தாள். முழங்காலைச் சுற்றித் தோல் நீலமும் வெளுப்புமாகத் திட்டுத்திட்டாக நிறம் மாறியிருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லாதவள் அன்று கூப்பிட்டாள். அதற்கும் அவர் திரும்பவில்லை.

ஆம்புலன்ஸுக்கு மகள் போன் செய்தாள். வேறோர் இடத்துக்குப் போயிருக்கிறது, தாமதமாகும் என்றார்கள். அதற்குள் மைத்துனர் வண்டியோடு வந்துவிட்டார். வண்டியின் முன்பக்கத்தில் நேராக உட்காரச் சோபாக்காரரால் ஆகவில்லை. கடைசியில் சோபாவைத் தூக்குவதுபோலவே, அவரோடு சேர்த்துச் சோபாவைத் தூக்கிப் பின்னால் ஏற்றினார்கள். மனைவி தரையில் உட்கார்ந்து அவரை நழுவாமல் பிடித்துக்கொண்டாள். மகள் மறுபக்கம்.

பெரிய மருத்துவமனைக்குப் போகும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. திறந்த வண்டியில் ஒரு மனிதர் சோபாவில் சாய்ந்து போவதைப் பார்த்துப் பக்கத்து ஸ்கூட்டரில் இருந்தவர் சிரித்தார். “என்னம்மா, ராஜா ஊர்வலமா?” என்றார். அப்பா கேட்டிருந்தால் அந்த ஆளையும் ஏதாவது முறை வைத்துக் கூப்பிட்டிருப்பார் என்று மகளுக்குத் தோன்றியது. மைத்துனர் இறங்கிப்போய்க் கேட்காரரிடம் கெஞ்சினார். ரயில் வந்துகொண்டிருக்கும்போது அந்த மனிதரால் என்ன செய்ய முடியும்? சரக்கு ரயில். பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. அதை நிறுத்தவும் முடியாது, முடுக்கவும் முடியாது. சோபாக்காரரின் மூச்சும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

மருத்துவமனை வாசலில் ஒரு நர்ஸ் அவரைப் பார்த்தவுடன் வேறெதுவும் கேட்கவில்லை. எத்தனை நேரமாக இப்படிப் பேசுகிறார் என்று மட்டும் கேட்டார். மனைவியும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டாக்டர் அதற்குச் செப்சிஸ் என்று பெயர் சொன்னார். எங்கோ ஓரிடத்தில் கிருமி புகுகிறது. அதை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு நிலைதவறித் தன்னையே தாக்கத் தொடங்குகிறது. ரத்த அழுத்தம் இறங்கி, சிறுநீரகம், நுரையீரல், மூளை என்று ஒவ்வொன்றாகத் தளர்கின்றன. மருந்தும் திரவமும் ரத்தத்தில் ஏற்றத் தொடங்கிவிட்டோம் என்றார். அவசரமாக, ஆனால் புரியும்படி சொன்னார்.

“ஊசி போட்டோமே சார்” என்றார் மைத்துனர்.

“அது டெட்டனஸுக்கு. இதுக்கில்ல.”

மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “சார், நடுவுல ஒரு டீ போடுற நேரம் விட்டுட்டோம். அதனாலயா?”

டாக்டர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். சீக்கிரம் வந்தால் நல்லதுதான், இப்போதாவது வந்தீர்களே, என்றார். அது பதிலா, பதில் இல்லையா என்று அந்த வீட்டில் இன்றைக்கும் தெரியாது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நேரத்துக்கு ஒருவர்தான் உள்ளே போகலாம். தொண்டையில் குழாய். ஆணி அடக்கிப் பேசிய வாயில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. மனைவி போகும்போதெல்லாம் கைகளைத்தான் பார்த்தாள். விரல் நுனிகள் முதலில் வெளுத்தன, பிறகு நீலமாயின, பிறகு கறுக்கத் தொடங்கின. உயிர்காக்கும் உறுப்புகளுக்காக உடம்பு ரத்தத்தை மிச்சம் பிடிக்கும்போது ஓரங்களுக்குப் போய்ச் சேர்வதில்லை என்று நர்ஸ் விளக்கினார். தேய்த்துவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார்கள். துணி சுற்றிச் சூடாக வைக்கட்டுமா என்று கேட்டாள். அதுவும் வேண்டாம். ஒவ்வொரு முறை உள்ளே போனபோதும் கறுப்பு இன்னும் சிறிது பரவியிருந்தது. ஸ்பிரிங் எந்த இடத்தில் உடைந்திருக்கிறது என்று மேல்துணியைத் தடவியே கண்டுபிடிக்கிற விரல்கள் அவை. அவள் அருகில் நின்றாள், பார்த்தாள், நேரமானதும் வெளியே அனுப்பப்பட்டாள். வெளியே பெஞ்சில் மைத்துனர், செய்வதற்கு ஒன்றும் கிடைக்காத தன் பெரிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் தன் கடையிலிருந்து வந்த போனை எடுக்கவில்லை.

அவர் பிழைத்தார். வலது கையில் மூன்று விரல்களின் நுனியும் இடது பெருவிரலின் பாதியும் போயின. மெலிந்து, பேச்சு மெதுவாகி, வீட்டுக்கு வந்தார். கை சுத்தியலைப் பிடிக்கிறது, ஆணியைப் பிடிப்பதில்லை. இப்போது மைத்துனர் சட்டம் அடிக்கிறார், மனைவி மற்றதைப் பார்க்கிறாள், சோபாக்காரர் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, நாடாவை இன்னும் இழு, அங்கே தொய்கிறது, என்கிறார்.

மனைவி வாடிக்கையாளர்களிடம் சொல்லாமல் விடுவதில்லை. அளவெடுக்கும் நாடாவைக் கழுத்தில் போட்டபடியே ஆரம்பிப்பாள். “காயம்தான் வேணும்னு இல்லீங்க. சளி, பல்லு, சிறுநீர் எரிச்சல், எதுல வேணா ஆரம்பிக்குமாம். குளிர்ல உதறுனாலோ, மூச்சு வாங்குனாலோ, பேச்சு குழறுனாலோ, ஆள் தெரியாம பேசுனாலோ, சிறுநீர் போகலைன்னாலோ உட்கார்ந்து யோசிக்காதீங்க. போயி, இது செப்சிஸா இருக்குமான்னு நீங்களே வாய விட்டுக் கேளுங்க.” கேட்பவர்கள் அவர் விரல்களை ஒரு பார்வை பார்ப்பார்கள். பாவம் என்பார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி எதுவும் இல்லை என்பார்கள். பிறகு, சோபா எப்போது கிடைக்கும் என்று கேட்பார்கள். ஒரு பெண் மட்டும் அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு போனாள். அன்று முழுக்க மனைவி அவளையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குள் அவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. காலையில் அவர் கண் விழித்ததும் எதிரே நின்று, நான் யாரு, என்பாள். “என் பொண்டாட்டி” என்பார் அவர். அதன் பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பாள். மகளை மகளென்றும் மைத்துனரை மாப்பிள்ளை என்றும் அவர் கூப்பிட்டார். சரியான முறைகள் மட்டுமே புழங்கிய அந்த வீட்டில் பேச்சு குறைந்துபோனது.

ஒருநாள் மாலை மகள் வேலையிலிருந்து திரும்பியிருந்தாள். மைத்துனர் வண்டியிலிருந்து ஒரு பழைய சோபாவை இறக்கப்போனார். நல்ல வெளிச்சம். சோபாக்காரருக்கு அன்று உடம்பு கொஞ்சம் தெளிவாக இருந்திருக்க வேண்டும். மெஷினை மிதித்துக்கொண்டிருந்த மனைவியைச் சற்று நேரம் பார்த்தார்.

“சித்தப்பா” என்றார். “மீசை திரும்ப வளருது போல.”

மெஷின் நின்றது. மகள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. மைத்துனர் சோபாவை வண்டியிலேயே விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றார். பதில் சொல்ல வேண்டிய இடம் அது. மூவருக்கும் தெரியும். யார் முகமும் அசையவில்லை. மனைவி எழுந்து வந்து அவர் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்; மூச்சைக் கவனித்தாள்; வேட்டியை விலக்கி முழங்காலைப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. டீ கொட்டிய அன்றைக்கும் நெற்றி சரியாகத்தான் இருந்தது.

“விளையாட்டுக்குச் சொன்னேன்” என்றார் அவர்.

“அன்னைக்கும் அப்படித்தான் நெனச்சேன். வண்டியில ஏறுங்க.”

அவர் மறுக்கவில்லை. வண்டிக்குப் போய், இறக்காமல் விட்டிருந்த அந்தக் கிழிந்த சோபாவில் தானாகவே உட்கார்ந்துகொண்டார். ரயில்வே கேட் இந்த முறை திறந்தே இருந்தது. மருத்துவமனையில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். வந்ததில் தவறில்லை என்றும் சொன்னார்கள்.

திரும்பி வந்தபோது விளக்கேற்றும் நேரம். நால்வரும் முன்னறையில் உட்கார்ந்தார்கள். அன்று வீட்டில் யாரும் டீ போடவில்லை.